காதுக்குப் பின்னால்

“டீச்சர், கன்னத்துல மை பட்டிருக்கு” என்று வகுப்பில் ஒரு சிறுமி சொன்னாள். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். போகவில்லை. கண்ணாடியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தால் மை அல்ல, மங்கு. வயதானால் வருகிற பழுப்புத் திட்டுகள், கன்னத்தில் சிலதும் நெற்றியோரம் ஒன்றும். நாற்பத்தாறு வயதில் நான் சேர்த்த சொத்து. வந்து எத்தனை மாதமாயிற்றோ, யார் கண்டது? எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருந்த அந்த வாடகை வீட்டில் என் முகத்தைப் பார்க்க ஆளே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மங்கு வந்ததைவிட அதுதான் வலித்தது.

பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயை ஈர்க்கால் தொட்டு வைக்கச் சொன்னாள். மருவை உதிர்க்கிற எண்ணெய் அது; கன்னத்தை மட்டும் விட்டுவைக்குமா? இன்னொருத்தி கொழும்பிலிருந்து வந்த வெள்ளைக் களிம்பு டப்பாவைத் தந்தாள். பூசினால் துரைசானி ஆகிவிடலாமாம். அதைப் பூசிப்பூசி அவள் முகமே சாம்பல் பூத்துக் கிடந்தது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு தக்கலை வைத்தியரிடம் போனேன்.

“இதுல பாதரசம் கலந்திருக்கும். மொதல்ல பளிச்சுனு காட்டும், பொறவு கறுக்கும். ஒடம்புக்கும் கேடு. தூரப் போடுங்க” என்றார்.

“எலுமிச்சம்பழச் சாறு?”

“பூசிட்டு வெயில்ல நடந்தா தோலு பொள்ளிக் கொப்புளிச்சிரும்.”

ஜாதிக்காய், அதிமதுரம், கஸ்தூரி மஞ்சள், இவற்றில் உடம்புக்கு ஒத்துக்கொள்வதைப் பாலில் குழைத்துப் போடலாம் என்றார். “அடியோட போவாது. கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். அதையும் ஒவ்வொண்ணா காதுக்குப் பொறத்தால பூசி, மறுநாள் வீட்டுல உள்ளவங்களப் பாக்கச் சொல்லுங்க. செவக்கலேன்னா மட்டும் மொகத்துக்கு.”

“கையில பூசிப் பாத்தா ஆகாதா?”

“மொகத்துத் தோலுக்குப் பக்கத்துச் சொந்தம் காதுதான், டீச்சர்.”

வீட்டில் உள்ளவர்கள்! மனுஷன் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். வழியெல்லாம் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஜாதிக்காயை உரைத்துப் பூசிவிட்டு, மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் கழுத்தைத் திருகித் திருகிப் பார்த்தேன். சுளுக்கியதுதான் மிச்சம்.

அடுத்த வீட்டுக்காரியோடு எனக்குப் பேச்சில்லை. அவள் கோழிகள் என் கீரைப் பாத்தியைக் கிளறியதில் வந்த சண்டை. கோழியைத் திட்ட ஆரம்பித்து அவளுடைய குலம் கோத்திரம் வரைக்கும் போயிருந்தேன். ஆனாலும் வேறு போக்கிடம் இல்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் போய் நின்றேன்.

“காதுக்குப் பின்னால கொஞ்சம் பாத்துச் சொல்லணும்.”

சாணிக் கையைக் கழுவிவிட்டு வந்தாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. முடியை ஒதுக்கி, காது மடலை மடித்துப் பார்த்தாள். ஒரு மனுஷக் கை என்மேல் பட்டு எத்தனை காலமாயிற்று! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நல்லா செவந்திருக்கு, டீச்சர். இது ஒங்களுக்கு வேண்டாம்.”

அடுத்து அதிமதுரம், அதற்கடுத்து கஸ்தூரி மஞ்சள். இரண்டும் ஒத்துக்கொண்டன. முகத்துக்குப் பூச ஆரம்பித்தேன். இனி யாரிடமும் காதைக் காட்ட வேண்டியதில்லை, அங்கேதான் சங்கடம். வைத்தியர் சொல்லாத சாமானையெல்லாம் தேடிப் பிடித்தேன். சந்தனம், பயற்றமாவு, ரோஜா இதழ் என்று காலைதோறும் ஏதாவது ஒன்றோடு வேலிக்குப் போனேன். அவளும் பார்த்து, “ஒண்ணுமில்ல” என்பாள். மங்கு வெளுத்ததா என்று நான் கண்ணாடியில் பார்ப்பதே குறைந்துபோயிற்று.

ஒருநாள் பூச எதுவும் கிடைக்கவில்லை. விடிந்ததும் வெறும் காதோடு போய் நின்றேன். அவள் மடலை மடித்தாள், குனிந்து முகர்ந்தாள்.

“ஏட்டி, நேத்து நீ ஒண்ணும் பூசல்ல, இல்லியா?”

அதுவரை டீச்சர் என்று கூப்பிட்டவள். பிடிபட்ட வெட்கம் எனக்கு. வீட்டைப் பார்த்துத் திரும்பினேன்.

“எங்க போற?” என்று என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். “மத்தக் காதையும் காட்டு.”