குழி இல்லாத கழிப்பறை

கங்கையின் வேகத்தைச் சடையில் தாங்கி, ஒரு துளியும் வீணாகாமல் உலகுக்கு விட்டருளிய பெருமானை வணங்கித் தொடங்குகிறேன். வீட்டு வரைபடம் எழுதி அனுமதி வாங்கித் தரும் என் தொழிலில், சுவர் எழும்புவதற்கு முன்பே சொல் இடிந்து விழும். அனுமதிக்காக அலைந்து செருப்புத் தேய்ந்த அன்பர்களுக்கு இது புதிதாக இராது.

கிணறா, கழிப்பறையா?

தொண்ணூறுகளின் தொடக்கம். திருவான்மியூரில் பாதாளச் சாக்கடை வந்து சேராத தெருவொன்றில், ஓய்வுபெற்ற வீணை ஆசிரியை ராஜலட்சுமி மாமி தம் பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்ட விரும்பினார். மனை சிறியது, அதன் நடுவே நல்ல தண்ணீர்க் கிணறு. மலக்குழியை எந்த மூலையில் வரைந்தாலும், கிணற்றிலிருந்து விதி கேட்கும் தூரம் கிடைக்கவில்லை. கிணற்றை மூடினால்தான் அனுமதி என்றார் அதிகாரி. மாமியின் பூஜையறைக் கிருஷ்ணனுக்கு நித்தியத் திருமஞ்சனம் அந்த நீரில்தான்.

“லாரித் தண்ணியிலயா அவனைக் குளிப்பாட்டுவேன்? கிணத்துல கை வைக்காம வேற வழி யோசிச்சுண்டு வாங்கோ” என்றார் மாமி.

சாம்பல் நீர்

யோசித்துக்கொண்டு போனேன். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றாமல், எல்லாவற்றையும் உலர்த்தி உரமாக்குவது. குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் கல்வாழைப் பாத்திக்குத் திருப்புவது. இந்த இரண்டாவது நீருக்கு ஆங்கிலப் பொறியியல் நூல்களில் சாம்பல் நிறத்தை ஒட்டிய பெயர் உண்டு. தமிழில் எழுத வேண்டும் என்ற ஆர்வத்தில், வரைபடத்தில் ‘சாம்பல் நீர் செல்லும் வழி’ என்று முத்து முத்தாக எழுதினேன். மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். முகம் வெளுத்துவிட்டது.

“சாம்பலை ஆத்துல கரைப்பான்னு தெரியும், அதுக்காக எங்காத்துலயேவா? நான் இன்னும் சௌக்கியமாத்தானே இருக்கேன்!”

அன்றே அதைக் ‘குளித்த நீர்’ என்று திருத்தினேன்.

கொடிமரம்

உலர் கழிப்பறைக்கு நிலத்தைத் தோண்டக் கூடாது. தரைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்று நிறைந்ததும் அதை மூடி மட்க விட்டு, மற்றதைப் பயன்படுத்த வேண்டும். ஆகவே படியேறித்தான் உள்ளே போக முடியும். பின்புறம் காற்றுப் போக ஓர் உயரமான குழாய். வரைபடத்தை விரித்த அதிகாரி, படிகளையும் அறைகளையும் குழாயையும் பார்த்து நிமிர்ந்தார்.

“வீட்டுக்கு மனு போட்டுட்டுக் கோயில் கட்றீங்களே சார். கொடிமரம் வேற!”

விளக்கியதும் சிரித்தார், இளகவில்லை. முதலில் கழிப்பறையை மட்டும் கட்டிச் சில மாதம் பயன்படுத்தட்டும், வந்து பார்ப்பேன், திருப்தி இல்லையென்றால் கிணற்றை மூடியே ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்று இடம்

கட்ட வந்த மேஸ்திரி ஏழுமலை, என் அளவுகளைக் கண்டு கரண்டியைக் கீழே வைத்தார். மலத்துக்கு ஒரு துளை. சிறுநீருக்கு முன்னால் தனி வழி. கால் கழுவ, நகர்ந்து உட்கார வேண்டிய மூன்றாவது இடம். எதுவும் எதோடும் கலக்கக் கூடாது என்பதே இதன் ஆசாரம் என்றேன்.

“இன்னா சார், ஒரு வேலைக்கு மூணு எடமா? உள்ள போறவன் பஸ் மாறி மாறிப் போவணும் போலக்கீதே!”

தோண்டியது எங்கே?

சொன்னபடியே சில மாதம் கழித்து அதிகாரி வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறினார். சற்று நேரத்தில் கைக்குட்டை தானாகவே சட்டைப் பைக்குள் போயிற்று. ஆனால் கிணற்றிலிருந்து நாடாவைப் பிடித்து அளந்தபோது, தூரம் குறைவாகத்தான் இருந்தது. மாமி கிணற்றடியில் வெறுங்குடத்துடன் நின்றார். அன்றைய திருமஞ்சனத்துக்கு நீர் இறைப்பதா வேண்டாமா என்பது அதிகாரியின் வாய்ச்சொல்லில் இருந்தது.

அதிகாரி விதியை மறுபடி வாசித்தார். “கிணத்துக்கும் மலக்குழிக்கும் நடுவுலன்னுதான் போட்டிருக்கு. இதுல தோண்டினது எங்க சார்?”

“எங்கும் இல்லை. அறையின் அடித்தளமே தரைக்கு மேல்தான்” என்றேன்.

அதிகாரி மேல் படியில் நின்றபடி ஒருமுறை கீழே எட்டிப் பார்த்தார்.

“இவ்வளவு உயரம் ஏறி வந்து நிக்கறேன். இதைப் போய்க் குழின்னு எழுதினா ஆபீஸ்ல என்னைப் பாத்துல்ல சிரிப்பாங்க? மூட வேணாம் மாமி, தண்ணி இறைங்க.”

கட்டட விதிகளை நான் ஒருநாளும் வென்றதில்லை; அவற்றின் சொற்கள் எப்போதாவது கால் இடறி என் பக்கம் விழுந்ததுண்டு, அவ்வளவே. இதைக் கேட்டோர் இல்லங்களில் ஊற்று வற்றாதிருக்கவும், அவர்தம் வரைபடங்கள் முதல் நடையிலேயே கையொப்பம் பெறவும் எம்பெருமான் அருள்வாராக.