வாய்ப்பாட்டில் அளந்த தண்ணீர்

மனு எந்த வடிவில் வந்தாலும் பெற்றுக்கொண்டு ஒப்புகைச் சீட்டு தரவேண்டும். வடிவம் சரியில்லை என்று திருப்பக் கூடாது. குடிநீர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் இந்த விதியை ஒப்பித்துக் காட்டி ஓய்வு பெற்றவன் நான்.

மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளியில், மூன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் ஒன் வரை கலந்த ஒரு குழு, ஊர்த் தண்ணீரைத் தானே ஆராய்ந்திருந்தது. அதைப் பார்த்துத் தரும்படி தலைமையாசிரியை என்னை அழைத்தார். போர்வை அகலத்துக்கு ஊரின் வரைபடம் ஒன்று. ஒவ்வொரு தெருக்குழாயிலும் ஒரே குடத்தை வைத்து, அது நிரம்பும்வரை சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வாய்ப்பாட்டிலிருந்து வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் அதைப் படத்தில் குறித்திருக்கிறார்கள். நான் குடியிருக்கும் முதல் தெருவில் மூன்றாம் வாய்ப்பாட்டிலேயே குடம் வழிந்துவிட்டது. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வாழும் கடைசித் தெருவில் பதினாறாம் வாய்ப்பாடு முடிந்தும் பாதிக் குடம்தான்.

படத்தை அப்படியே மனுவாகக் குடிநீர் அலுவலகத்துக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள்.

“வாய்ப்பாடெல்லாம் அளவாகாது கண்ணு,” என்றேன்.

“நாங்க தப்பில்லாமத்தானுங்க சொன்னோம்,” என்றாள் ஐந்தாம் வகுப்புக்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். கடைசித் தெருவைச் சேர்ந்த பிளஸ் ஒன் பெண் மட்டும் சிரிக்கவில்லை. “எங்கம்மா தண்ணி புடிச்சு வெச்சுப்போட்டுப் போறதுக்குள்ள வேலைக்கு வேற ஆளச் சேத்திக்கறாங்க. குழா போட்டதுல இருந்தே இப்படித்தானாமுங்க. அப்ப நீங்க அந்த ஆபீசுலதானுங்களே இருந்தீங்க, சார்?”

“அப்ப நான் வேற செக்சன், அம்மணி.”

பொய். கடைசித் தெருவுக்குப் பிரியும் இடத்தில் குழாயின் அளவைக் குறைத்த மதிப்பீட்டில் இருப்பது என் கையெழுத்து. முதல் தெருவில் தண்ணீரின் வேகம் குறையக் கூடாது என்று கேட்டவர்கள் என் அக்கம்பக்கத்து வீட்டார்.

மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். படத்தை விலக்கினேன். பதினாறாம் வாய்ப்பாடு ‘குறைந்த அழுத்தம்’ ஆயிற்று. குழாயின் அளவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எந்த வரியைப் படித்தால் எந்தப் பழைய ஃபைலை எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

“ஆபீசுல எழுதுனாப்பலயே இருக்குதுங்க சார்,” என்று நன்றியோடு முதல் கையெழுத்தைப் போட்டாள் அந்தப் பெண். அதன்பின் வழியில் பார்க்கும்போதெல்லாம், “பதில் வருமுங்களா?” என்பாள். விதிப்படி வரும் என்பேன்.

வால்வுகள் சரியாக இயங்குகின்றன, குறைபாட்டின் காரணம் மனுவில் குறிப்பிடப்படவில்லை, எனவே மேல்நடவடிக்கை தேவையில்லை. மூன்றே வரியில் பதில். அது பள்ளிக்கு வந்து சேர்ந்தது, முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கடைசி வேலைநாளில்.