ஊசி போடும் அறை வாசலில் ஒரு கடல்

சுவரில் படம் வரைகிறவளுக்கு வேலை கொடுப்பவர் ஒருவர். வேலை வாங்குகிறவர்களோ அந்தப் பக்கம் வருகிற போகிற அத்தனை பேரும். உங்களில் யாராவது ஏணி மேல் நின்றுகொண்டு, "இது என்னங்க, மாடா?" என்ற கேள்விக்கு, "குதிரைங்க" என்று பதில் சொல்லியிருந்தால், நாம் எல்லாம் ஒரே கட்சி.

காரைக்கால் தலத்தெருவில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா, நோயாளிகள் காத்திருக்கும் ஹாலின் நீளச் சுவர் முழுக்கக் கடல் வேண்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான். "ஊசிக்கு அழுதா அது என் பொறுப்பு. சுவத்தைப் பார்த்துப் புள்ளைங்க அழுதா, வெள்ளையடிச்சிடுவேன்." நான் திருநள்ளாறு பக்கத்து வயல்காட்டில் வளர்ந்தவள். கடல் எனக்குச் சாயங்காலம் கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டே பார்க்கிற ஒன்று. படகில் கால் வைத்ததில்லை. அதனால் எனக்கு முன்னால் வரைந்தவர்களைக் கைபேசியில் தேடிப் போனேன். எகிப்தில் கல்லறைச் சுவர்களுக்குள் வரிசையாக நீந்துகிற மீன்கள். ரோமாபுரி வீட்டுத் தரைகளில் பொடிக் கற்களால் பதித்த மீன்கள். அவற்றின் மேல் நடந்துபோய்த்தான் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். ஜப்பானில் பிடித்த மீன் மேலேயே மையைத் தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுத்த படங்கள். இவற்றைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போன இரவுகளில் என் கனவில் நாற்றங்காலில் எல்லாம் மீன் ஓடியது. எல்லாக் காலத்துக் கடலையும் இந்த ஒரே சுவரில் கொண்டுவந்து விடுவது என்று முடிவு செய்தேன்.

எட்டுக் கை

முதலில் வரைந்தது ஆக்டோபஸ். மூவாயிரம் வருஷத்துக்கும் முன்னால் கிரேக்கப் பக்கத்துத் தீவு ஒன்றில் யாரோ ஒரு ஜாடி மேல் வரைந்தது. ஜாடியையே கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு கண்ணும் அகல விரிந்து, இப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுந்த பிள்ளை மாதிரி பார்க்கும். நான் அதை மூலைத் தூணைக் கட்டிக்கொள்ள வைத்தேன்.

கருக்களாச்சேரியிலிருந்து மூச்சிரைப்புக்காகத் தினமும் வந்துகொண்டிருந்த ஆறு வயது தர்ஷினிதான் என் முதல் ரசிகை. நெபுலைசர் முகமூடி மாட்டி, புகை இழுத்துக்கொண்டே கைகளை எண்ணினாள். அவளுக்குப் பக்கத்தில் மகனுக்குக் காய்ச்சல் என்று நெடுங்காட்டிலிருந்து வந்த விவசாயி ஒருவர். அவரும் எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்து, "நாத்துப் பறிக்க ரெண்டு கை உள்ள ஆளே கெடைக்க மாட்டேங்குது. இது வருமான்னு கேட்டுச் சொல்லுங்கம்மா" என்றார்.

ராசிக்காரர்

அடுத்தது நம் ஊர் மகரம். கோயில் வளைவுகளில் பார்த்திருப்பீர்கள். யானைத் தும்பிக்கை, முதலை வாய், மீன் உடம்பு, வால் இருக்க வேண்டிய இடத்தில் சுருள் சுருளாகக் கொடி. கடலுக்குள் என்னதான் இருக்கும் என்று யோசித்துப் பார்த்த சிற்பி, கரையில் தெரிந்ததை எல்லாம் ஒன்றாக உள்ளே அனுப்பிவிட்டார். அந்தத் தைரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். மத்தியானம் கூட்டம் வடிந்து, மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சியிருக்கும்போது அதன் வாலை இழுத்துக்கொண்டே போனேன். எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால் பின்னால் திருநள்ளாற்றில் பூஜை சாமான் கடை வைத்திருப்பவர், பேத்தியோடு நிற்கிறார். மகரத்தைப் பார்த்தார், அதற்குப் பக்கத்துக் கதவைப் பார்த்தார். "ஏழரை முடிஞ்சு இப்பத்தாம்மா மூச்சு விடுறேன். என் ராசியைக் கொண்டாந்து ஊசி போடுற ரூம் வாசல்ல நிறுத்திட்டீங்களே!"

கதை மீன்

நான் ஆசை ஆசையாக வைத்திருந்தது திமிங்கிலம். நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியக் கடல் வரைபடங்களில் அது வரும். காட்டுப்பன்றித் தந்தம், வாய் நிறையப் பல், தலையில் இரண்டு நீரூற்று. கரை ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்து, துடுப்பைக் காது என்று நினைத்து வரைந்தவரும் உண்டு. நானும் காது வைத்தேன். சுவரில் பாதி அதற்கே போயிற்று. கடைசிப் பல்லுக்கு வெள்ளை கொடுத்துவிட்டு இறங்கி நின்று பார்த்தபோது, வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று தோன்றியது.

தர்ஷினி முகமூடியைக் கழற்றினாள். "எங்க அப்பா போற எடத்துல இது இருக்கா?" அவள் அப்பா குமார் பைபர் போட்டில் மீன் பிடிக்கப் போகிறவர். நான் சிரித்துக்கொண்டே, "இல்லடா கண்ணு, இது சும்மா கதை மீன்" என்றேன். அவள் சுவர்ப் பக்கம் போய், ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "கதை மீனுக்கு எதுக்கு இவ்வளவு பல்லு?"

அடம்

மறுநாள் அவள் அம்மா வந்ததும் வராததுமாக என்னைத்தான் தேடினாள். விடியற்காலை குமார் கிளம்பும்போது பிள்ளை எழுந்து அவர் கைலியைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். அழுது அழுது மூச்சு இழுக்க ஆரம்பித்து, போட் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. அதற்கு மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள், "இப்படியே இருந்தா வேற ஆளைப் போட்டுருவாங்கக்கா" என்றபோது அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

அன்று மத்தியானம் திமிங்கிலத்துக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஜன்னல் வழியாக நீலத்தில் விழுந்து, சுவர் லேசாக அசைகிற மாதிரி இருந்தது. இதை முதலில் வரைந்தவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போகாதவர்கள். போனவர்களுக்காகக் கரையில் காத்திருந்தவர்கள் சொன்னதைக் கேட்டு, பல்லை ஒவ்வொன்றாகச் சேர்த்திருப்பார்கள். அந்தப் பயத்தை நான் ஒரு பல் விடாமல் நகல் எடுத்து, ஒரு மீனவர் மகள் உட்காருகிற நாற்காலிக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். டாக்டரம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "கடல் வேணும்னுதாம்மா கேட்டேன். பயத்தைக் கேக்கலியே."

சிரிப்பு

வெள்ளை வாளியைத் திறக்க மனம் வரவில்லை. ஒரு நாள் தவணை வாங்கிக்கொண்டு, திமிங்கிலத்தைச் சிரிக்க வைத்துப் பார்த்தேன். வாய் ஓரத்தை மேலே வளைத்தேன். கன்னத்தில் கொஞ்சம் ரோஸ்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், ஊரில் எல்லோரும் சொல்தா என்பார்கள், பேரனுக்குத் தடுப்பூசி போட அந்த வாரத்தில் இரண்டாவது தடவையாக வந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "முன்னாடி பசிக்குக் கடிக்கிற மாதிரி இருந்துச்சு மதாம். இப்ப ஆசைக்குக் கடிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

முதுகு

சிரிப்பை அழித்துவிட்டு வாளியைத் திறந்துகொண்டிருந்தபோது குமார் வந்தார். மகள் இடுப்பில், முகம் அவர் தோளில். "இதுவாங்க?" என்று கேட்டுவிட்டு, சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக நடந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நல்ல அகலமா இருக்குங்க முதுகு. எங்க போட்டை அது மேல ஏத்திடுங்களேன்" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்தப் பழைய படங்களிலும் அப்படித்தான் உண்டு. திமிங்கிலத்தைத் தீவு என்று நினைத்து மாலுமிகள் கப்பலைக் கட்டிவிட்டு, முதுகில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். யார் நம்புவார்கள் என்று நான் அதை விட்டிருந்தேன். குமார் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். நீல போட், சுருட்டிய வலை, ஸ்டவ், சோற்றுப் பானை, பானைக்கு முன்னால் கைலி கட்டிய ஒரு ஆள்.

தர்ஷினி தோளிலிருந்து முகத்தை எடுத்தாள். "முழிச்சிருக்குதா, தூங்குதா?" குமார் என்னைப் பார்த்தார். நான் தூரிகையைக் கழுவி, அதன் கண் மேல் ஒரே ஒரு இமை இழுத்தேன். அவ்வளவு பெரிய உடம்பு சட்டென்று தூங்கிவிட்டது. ஹாலில் அழுதுகொண்டிருந்த வேறொரு குழந்தைகூடச் சற்று நிறுத்திவிட்டுப் பார்த்தது. "நாளைக்கு அப்பா போகட்டுமா?" என்று கேட்டார் குமார். போட்டை ஏற்றச் சொன்ன குரல் இல்லை, நன்றாக இறங்கியிருந்தது. அவள் போட்டைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், மூடிய கண்ணைப் பார்த்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து, அது எழுந்துவிடாதபடி ரகசியமாகச் சொன்னாள்: "எறங்குறப்ப அதுகிட்ட போயிட்டு வர்றேன்னு சொல்லிடாதப்பா. போறேன்னு மட்டும் சொல்லு."

ஆகவே, சுவரில் வரைகிற என் கட்சிக்காரர்களே, திமிங்கிலத்துக்குப் பல் வைப்பதற்கு முன்னால், யார் வீட்டு அப்பா அந்தப் பக்கம் போய்வருகிறார் என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.