போயிட்டு வாரேன்

சீரியலில் செத்தவர்கள் எழுந்து வருவதைப் பார்த்துப் பார்த்து நமக்கெல்லாம் சலித்துவிட்டது. இது அந்தக் கதை இல்லை. போன வருடம் செம்பூரில், பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்கள் தாராவிக்குப் போய் மாரீஸ்வரியிடமே கேட்டுக்கொள்ளலாம். அவள் வாயைத் திறப்பாளா என்பதுதான் தெரியாது.

மாரீஸ்வரி டப்பிங் பேசுகிறவள். இந்தி சீரியல்களைத் தமிழுக்கு மாற்றும் ஒரு சின்ன ஸ்டூடியோவில் வேலை. வேலைக்காரி, நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி... இந்தக் குரல்கள்தான் அவளுக்கு வாய்த்தன. மாமியார் குரல் விஜயராணியுடையது. கோவண்டிக்காரி. மைக் முன்னால் நின்றால் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவாள். அப்புறம் ஒரே டேக்தான். அந்தக் குரலுக்காகவே ஒரு சீரியல் நாலு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை கண்டு, விஜயராணி பொசுக்கென்று போய்ச் சேர்ந்தாள்.

துக்கத்துக்குக் கோவண்டி போன மாரீஸ்வரி வாய்விட்டு அழுதாள். கிளம்பும்போதுதான் சனி அவள் நாக்கில் வந்து உட்கார்ந்தான். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. சத்தமில்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். பழக்கம் கொடிது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்களே! கிடத்தியிருந்த உடலின் முகத்தைப் பார்த்து, "போயிட்டு வாரேங்க்கா" என்றுவிட்டாள்.

விஜயராணியின் தங்கை பேராச்சி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "ஏளா, என்ன வார்த்த சொல்லிட்ட?"

சொன்னது சொன்னதுதான்.

சில வாரம் கழித்து ஸ்டூடியோவில் இருந்து அழைப்பு வந்தது. சீரியலில் மாமியார் சாகும் எபிசோட். சேனல்காரர்கள் ஒரு மாதமாக விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். விஜயராணியின் குரலை ஒட்டிப் பேச மாரீஸ்வரியை விட்டால் ஆள் இல்லை. நன்றாக அமைந்தால் அடுத்த சீரியலின் கதாநாயகி குரல் அவளுக்குத்தான். எத்தனையோ வருடமாக அவள் ஏங்கிக் கிடந்த வாய்ப்பு அது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் நகுல், மாட்டுங்காப் பையன். இந்தப் பக்கம் மாரீஸ்வரி தனியாக. அறையில் இருட்டு. தாள் மேல் மட்டும் ஒரு குட்டி விளக்கு.

மாமியாரின் கடைசி வசனம்: "நான் போறேன்."

திரையில் உதடு அசைந்தது. மாரீஸ்வரி, "நான் போயிட்டு வாரேன்" என்றாள்.

"அக்கா, நீளமாப் போறது. லிப் மேட்ச் ஆகலை. 'போறேன்' மட்டும் போறும்."

வரவில்லை. வாசல் தாண்டுகிற எந்தத் தமிழச்சி வெறும் 'போறேன்' சொல்வாள்? அடுத்த டேக்கிலும் 'வாரேன்'தான். அதற்கடுத்ததிலும் அதேதான்.

நகுல் அதை ஓட்டிக் காட்டினான். ஹெட்போனில் அவள் குரல். "நான் போயிட்டு வாரேன்..."

அதற்குப் பின்னால்... ஒரு செருமல்.

இன்னொரு செருமல்.

"நகுல், செருமுனது யாரு?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

மறுபடியும் டேக். ஏசியை நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் கழுத்து சில்லிட்டது. திரையில் உதடு அசைந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

ஹெட்போனில்... காதோடு காதாக...

"வாரேன்னு சொன்னியே, மாரி."

மாரீஸ்வரி சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"எப்ப வார?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. 'வாரேன்' என்றால் செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு. 'போறேன்' என்றால் ஒரேயடியாகப் போவது. எதைச் சொன்னாலும்...

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். ஓடினாள். நகுலிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதாநாயகியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உயிர் மிஞ்சினால் போதும்.

அந்த வாரமே எபிசோட் ஒளிபரப்பானது. மாரீஸ்வரி தாராவி வீட்டில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பார்த்தாள். மாமியார் மகனின் கையைப் பிடித்தாள். உதடு அசைந்தது.

"நான் போறேன்."

இம்மி பிசகவில்லை. அது விஜயராணியின் குரல்.

நகுலுக்கு போன் போட்டாள். "பழைய டேக்க வெட்டி ஒட்டினியா, தம்பி?"

"என்னக்கா வெளையாடறேள்? நீங்கதானே கொஞ்ச நேரத்துல திரும்பி வந்தேள். லைட்டே வேண்டாம்னேள். ஒரே டேக்! அப்படியே விஜயராணி அக்கா குரல்."

அன்று அவள் திரும்பவே இல்லை. ஓடிவந்து ஏறிய பஸ் அந்நேரம் சயானைத் தாண்டியிருந்தது.

"வேற... வேற என்ன சொன்னேன்?"

"ஒண்ணுமில்லை. கெளம்பறச்சே, 'தாராவிக்குப் போறேன்'னேள்."

"போயிட்டு வாரேன்னா?"

"இல்லக்கா. போறேன்னு மட்டும்தான்."

டிவியை அணைத்தாள். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

அடுப்படியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

இரண்டு தடவை.