மஹ்ரோக்குக்கு ஏற்ற ஸ்கீ

ஈரானின் பனிமலை ஊரான ஷெம்ஷக்கில், பனிச்சறுக்குப் பலகையான ஸ்கீ விற்கும் கடை வைத்திருக்கும் ஃபர்ஹங், எல்லாப் பனிக்கும் பொருந்தும் ஒரே ஜோடியை யாருக்கும் ஒரு தேநீர் ஆறுவதற்குள் தேர்ந்து கொடுத்துவிடுவார். மனைவி மஹ்ரோக்குக்கு மட்டும் குளிர்காலம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவள் இன்னும் சரிவில் இறங்கவில்லை. ஒரு ஜோடி காலையில் இறுகிய பனியில் வழுக்கும் என்றார். இன்னொன்று புதுப்பனியில் புதையுமாம். மற்றொன்று மதியத்து ஈரப்பனியில் முட்டியைத் திருகிவிடுமாம்.

"உங்களுக்கு ஒண்ணு பிடிக்கிறதுக்குள்ள பனியே உருகிடும்," என்றாள் அவள்.

ஒரு நாள் கடையில் ஆட்கள் இருக்கும்போது, சுவரில் சாய்த்திருந்த அவருடைய சொந்த ஸ்கீயைத் தடவிப் பார்த்தாள். இருவரும் ஒரே உயரம்.

"எவ்வளவு அழகா இருக்கு, ஃபர்ஹங் ஜான்," என்றாள் கொஞ்சலாக.

அந்த ஊர் மரியாதைப்படி, ஒருவர் பொருளைப் புகழ்ந்தால் அதற்குரியவர் 'உங்களுக்கே' என்று சொல்லியாக வேண்டும். புகழ்ந்தவர் மறுத்தாக வேண்டும். ஃபர்ஹங்கின் வாய் பழக்கத்தில் அதைச் சொல்லிவிட்டது.

"சரி, எடுத்துக்கறேன்."

"வேண்டாம்னுல்ல சொல்லணும்?"

"அது விருந்தாளிங்க சொல்றது. நான் வீட்டு ஆளு."

கடையே சிரித்தது. அவர் மண்டியிட்டு, அவள் விழுந்தால் பூட்ஸ் ஸ்கீயிலிருந்து உடனே கழன்றுகொள்ளும்படி பிடியின் திருகாணியைத் தளர்த்தினார். பிறகு, வழுக்கும் என்று ஒதுக்கிய ஜோடியை மாட்டிக்கொண்டு சரிவில் அவள் பின்னாலேயே இறங்கினார். அது கொஞ்சமும் வழுக்கவில்லை. அதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.