கிளெனிஸின் வியாழக்கிழமைகள்

அடிலெய்டின் மேற்குக் கரையோரத்தில் இருக்கிறது எங்கள் லக்ராஸ் விளையாட்டுக் கிளப். அங்கே புதிதாக வருகிறவர்களின் கையில் முதல் மட்டையைக் கொடுத்தவள் கிளெனிஸ் ட்ரெசைஸ். நுனியில் சின்ன வலைப்பை வைத்த நீள மட்டை அது. கெட்டியான ரப்பர் பந்தை அந்த வலையில் ஏந்த வேண்டும். ஓடும்போது விழுந்துவிடாமல் தொட்டிலாட்டுவதுபோல ஆட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு எறிய வேண்டும். சீசனுக்கு முன்னால் வரும் கோடையில் தொடங்கி, வியாழக்கிழமைகளில் பத்தொன்பது வருடம் அவள் இதைச் சொல்லிக்கொடுத்தாள்.

முதியோர் இல்லம் ஒன்றின் சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிவரை நின்றபடிதான். விரிப்புகளை உதறி மடித்து உதறி மடித்து, அறுபத்தோரு வயதில் தோள்கள் முன்னால் வளைந்துவிட்டன. வீட்டுக்கு வந்து கொஞ்சம் காலை நீட்டுவாள். உடனே எழுந்து மைதானத்துக்குக் கிளம்ப வேண்டும். ஒரு காலத்தில் இருபத்தாறு வருடம் தற்காப்பு வரிசையில் ஆடியவள். முழங்கால் போனதும் நிறுத்திக்கொண்டாள். அப்போது கிளப் தலைவர் கொலின், "இந்த ஒரு வருஷம் மட்டும் புதுசா வர்றவங்களப் பாத்துக்க, கிளென்" என்று கேட்டார். அந்த ஒரு வருஷம்தான் பத்தொன்பது ஆனது.

வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு தடவைக்கு மேல் வரமாட்டார்கள். பந்து வலையில் நிற்காது. கொரெல்லாக் கிளிகள் புல்லைக் கிளறிப் போட்ட குழியில் கால் மடங்கும். அடுத்த வாரம் ஆளைக் காணோம். பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்வதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

போன வருட ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, "என்னால இனிமே முடியாது. வேற யாராவது எடுத்துக்கங்க" என்றாள். நானும் அங்கே இருந்தேன். எல்லோரும் அவரவர் பியர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். கொலின், "அதை அப்புறம் பேசிக்கலாம்" என்று அடுத்த விஷயத்துக்குப் போனார். அப்புறம் யாரும் பேசவில்லை. பிப்ரவரியில் கிளெனிஸ் வழக்கம்போல வந்து மட்டைகள் வைத்திருக்கும் கொட்டகையைத் திறந்தாள்.

முதல் வியாழன் வந்தது மூன்றே பேர். அதில் ஒருத்தி சோன்யா வூகிச். நாற்பத்தொன்பது வயது, மீன் குளிர்கிடங்கில் பளுத்தூக்கி வண்டி ஓட்டுகிறவள். ஏதாவது விளையாடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

"மேல் கை தளர்வா இருக்கணும். பூனைக்குட்டியப் பிடிக்கிற மாதிரி" என்றாள் கிளெனிஸ்.

"எனக்குப் பூனையே ஆகாது" என்ற சோன்யா, விறகு பிளக்கிறவளைப்போல மட்டையை ஓங்கி வீசினாள். பந்து எங்கோ போயிற்று. மட்டை, அவள் பிடியைத் திருத்தக் கையை நீட்டிய கிளெனிஸின் மணிக்கட்டில் இறங்கியது.

எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் அந்தக் கையால் எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கூட்டிவந்தவள் தங்கை நரெல். இருவருக்கும் ஒரே வீடு. காரில் அக்கா தனக்குத்தானே சிரிப்பதைப் பார்த்து நரெலுக்குப் பயமாகப் போய்விட்டது.

"என்னக்கா, மாத்திரை தலைக்கேறிடுச்சா?"

"ஆறு வாரம், நரெல். ஆறு வியாழக்கிழமை."

"வலிக்கலையா?"

"உயிர் போகுது. ஆனா வீட்ல இருப்பேன்ல."

அதைச் சொன்ன பிறகு வீடு வரும்வரை அழுதாளாம். நரெல்தான் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

மறுநாள் சோன்யா, கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட பூரெக் ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். நான்காவது தடவை கிளெனிஸால் பொறுக்க முடியவில்லை.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா? கைதான உடைஞ்சுது. நான் ஒண்ணும் சாகல."

"இந்த வாரம் யாரு சொல்லித் தருவாங்க?"

"யாருமில்ல. பூட்டித்தான் கிடக்கும்."

"அப்ப சாவியக் குடுங்க."

"நீங்க ஒரே ஒரு நாள் வந்தவங்க. அதுலயும் கால் மணி நேரம்."

"அந்தக் கால் மணி நேரத்தச் சொல்லித் தர்றேன்."

வாதாடக் கிளெனிஸுக்குத் தெம்பில்லை. கொக்கியில் தொங்கிய சாவியைக் கண்ணால் காட்டினாள்.

நான்காவது வியாழன், கடையிலிருந்து திரும்பும் வழியில் நரெல் கேட்காமலே வண்டியை மைதானத்துப் பக்கம் திருப்பினாள். எட்டுப் பெண்கள் இருந்தார்கள், பாதிப் பேர் குளிர்கிடங்கு ஆட்கள். எல்லோரும் இரண்டு கையையும் மட்டையின் அடியில் குவித்து, துடைப்பம் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்கள். பந்துகள் கார் நிறுத்துமிடம்வரை உருண்டு வந்தன.

"அடியே, பந்து இங்க கிடக்கு, நீ எங்க ஓடுற?"

"உன்கிட்டேருந்து தப்பிச்சு ஓடுறேன்."

சிரிப்புச் சத்தம் காருக்குள் கேட்டது. கிளெனிஸின் நல்ல கை கதவுப் பிடிவரை போய் நின்றது.

"போய்ச் சொல்லுக்கா. எல்லாரும் தப்பாப் பிடிக்கிறாங்க."

"தெரியுது."

"அப்புறம் என்ன?"

"இறங்கினேன்னா அடுத்த வியாழனும் இறங்கணும்."

அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் சோன்யாவே வண்டியைக் கண்டுபிடித்து, வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாள். கிளெனிஸ் கண்ணாடியை இறக்கினாள்.

"மேல் கைய வலைக்குக் கிட்ட கொண்டுபோகச் சொல்லு. ரெண்டு கைக்கும் நடுவுல ஒரு முழம் இருக்கணும். அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் நீயே கண்டுபிடி, சோன்யா. கட்டு பிரிச்சாலும் நான் வரப்போறதில்ல."

சோன்யா நெற்றி வேர்வையைத் துடைத்தாள். "சாவி என்கிட்டயே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

கட்டு பிரித்த வாரமே கொலின் வீட்டுக்கு வந்துவிட்டார். "இன்னும் ஒரே ஒரு வருஷம், கிளென்" என்று ஆரம்பித்தார்.

"இல்ல, கொலின்."

காரணம் வரும் என்று அவர் காத்திருந்தார். கிளெனிஸ் அவர் குவளையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். தேநீரைக் குடித்துவிட்டு அவர் எழுந்து போனார்.

நான்கு வருடமாக இல்லாதிருந்த பெண்கள் இரண்டாம் அணி, அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு மறுபடி அமைந்தது. ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை இருபத்தொன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அந்த ஒன்றும் யாரோ ஒருத்தியின் முதுகில் பட்டு கோலுக்குள் போன பந்து. சோன்யா சொல்லிக்கொடுப்பதில் பாதி இன்னும் தப்புதான். ஆனால் எட்டுப் பேரில் ஏழு பேர் விடாமல் வந்துகொண்டிருந்தார்கள்.

முதல் சில வியாழன்கள் கிளெனிஸுக்கு லேசாகப் போகவில்லை. ஐந்து மணியானால் எழுந்து ஷூவைத் தேடுவாள், பிறகு உட்கார்ந்துவிடுவாள். "கொலினுக்கு அப்புறம் யாரும் கூப்பிடலங்கறதும் கொஞ்சம் குத்துது. கூப்பிட்டாலும் போகமாட்டேன்" என்றாள் என்னிடம். ஜூன் மாதத்தில்தான் அந்த நேரத்தில் தூக்கம் வர ஆரம்பித்தது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஆட்டம் பார்க்க வந்தாள். மடக்கு நாற்காலியில் கால்மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சூடான இறைச்சி அப்பம் ஒன்றைத் தின்றபடி ஆட்டம் பார்த்தாள். நான்கு கட்டத்தில் மூன்றாவது முடியும்போது பாதம் வீங்கிவிட்டது, எழுந்தாள்.

மைதானத்திலிருந்து சோன்யா கத்தினாள். "என்ன கிளென், அதுக்குள்ள கிளம்பிட்ட? நாங்க தோக்கறதப் பாக்கலையா?"

"எத்தனையோ பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டு, நரெலின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காரை நோக்கி நடந்தாள் கிளெனிஸ்.