லிந்துலையில் கும்பிட்ட சாமி

ஐம்பதுகளில் தங்கைக்குச் சடங்கு வைத்தபோது தாய்மாமன் சீர் கொண்டுவர ஆளில்லை. "எனக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்ல" என்பார் அம்மா. அப்பாதான் என்னைத் தனியே அழைத்து, "லிந்துலையில ஒரு தேயிலைத் தோட்டத்துல ஒங்க மாமா இருக்காரு. நாங்க ஓடிவந்து கட்டிக்கிட்டதால பேச்சுவார்த்த இல்ல" என்றார்.

மறுநாளே அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மாமா வேலைக்குப் போயிருந்தார். நான் யாரென்று சொல்வதற்குள், அவர் மனைவி லயத்து வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை. மூலையில் விளக்கு எரிந்தது; அதன் முன்னால் மஞ்சள் தடவி மடித்த ஒரு பாவாடை.

"எங்க வீட்டுக் கன்னிச் சாமிங்க. வீட்டுக்காரரோட ஒரே தங்கச்சி, சிவகாமி. கல்யாணத்துக்கு முந்தியே ஆத்துல விழுந்து செத்துப்போச்சாம். கும்பிட்டுக்கோங்க."

சிவகாமி என் அம்மா.

விழுந்து கும்பிட்டேன். அவர் பூசிவிட்ட திருநீற்றோடு, நான் யாரென்று சொல்லாமலே பஸ் ஏறினேன்.

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "நெத்தியில என்னடா திருநீறு? எந்தக் கோயிலுக்குப் போன?"

மானத்துக்காகத் தங்கையைப் பொய் சொல்லிச் சாகடித்தவர், அவளுக்கு ஏன் விளக்கேற்றினார்? அது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அம்மாவின் கேள்விக்கும், அவர் உயிரோடு இருந்தவரை நான் பதில் சொல்லவில்லை.